பதினேழாம் இடத்தில் இருந்த ஏர்கான் அங்கிள்

செய்தி வந்தபோது நான் ஆங் மோ கியோ சந்தையில் மீன் வெட்டுகிறவர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். என் மகள் இளவரசி அழைத்தாள். "அப்பா, சொக்கலிங்கம் அங்கிள் தவறிட்டாரு. காலையில ஹார்ட் அட்டாக். தேவி இப்பத்தான் மெசேஜ் போட்டா." மீனை வாங்காமலே வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில், இனி அந்த ஆள் இதற்கு மேல் போக முடியாது என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் வெட்கமாகவும் இருந்தது. எதற்கு மறைப்பது? பன்னிரண்டு வருடமாக அவர்மேல் எனக்குப் பொறாமை.

புக்கிட் மேராவில் உங்களில் பலருக்கு அவரை ஏர்கான் அங்கிளாகத்தான் தெரியும். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார், அறையைக் குளிராக்கும் ஏர்கானைக் கழுவுவார், தரையில் சிந்திய தண்ணீரைத் தானே துடைத்துவிட்டுப் போவார். அந்த மனிதர் சிங்கப்பூரின் முன்னணி நுண்ணுயிரியல் ஆய்வாளர்களில் பதினேழாவது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். எத்தனையாவது இடம் என்று வாராவாரம் அவரே சொல்லிவந்தார்.

விஷயம் இதுதான். அவர் மகள் தேவியும் என் மகளும் ஒன்றாகப் படித்து, இரண்டு பேருமே கிருமிகளை ஆராயப் போனார்கள். முதல் கட்டுரை அச்சாகும்போது படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டிருந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இளவரசி என்னிடம் வந்தாள். பேருந்து ஓட்டிவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தேன். எதைப் பற்றிக் கட்டுரை என்று கேட்டேன். வயிற்றுப்போக்குக் கிருமி என்றாள். "அதுக்குப் பக்கத்துல என் பேரு எதுக்கும்மா? ஓர் எழுத்து போட்டுக்கோ, போதும்" என்றேன். சொக்கலிங்கமோ தன் மகளிடம், "என் பேரை முழுசாப் போடு. ஓர் எழுத்துகூட விட்டுடாத" என்றிருக்கிறார்.

குடும்பப் பெயரை முன்னால் போட்டு அச்சிடுவது அவர்கள் வழக்கமாம். ஆகவே தேவியின் கட்டுரைகளெல்லாம் உலகம் முழுக்கச் 'சொக்கலிங்கம்' எழுதியவை. என் மகள் குடும்பப் பெயர் இடத்தில் தன் பேரையே போட்டுவிட்டதால் அவளுடையவை 'இளவரசி' எழுதியவை. வாலில் ஓர் 'எம்'. அந்த எம் என்றால் மாரிமுத்து என்பது என் வீட்டில் உள்ளவர்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

ஒருவர் எழுதியதை மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் எத்தனை முறை எடுத்துக்காட்டுகிறார்கள் என்று எண்ணி, இணையத்தில் ஒரு பட்டியல் போடுகிறார்கள். ஞாயிறு காலையில் தேக்கா உணவங்காடியில் நாங்கள் கூடும் கோப்பி மேசைக்கு வருவதற்கு முன்பே சொக்கலிங்கம் கைபேசியை நீட்டிவிடுவார்.

"மாரி, இந்த வாரம் என்னை ஒம்பது பேர் சொல்லியிருக்கான். ரெண்டு பேர் ஜெர்மன்காரன்."

"உன்னையா, உன் பொண்ணையா?"

"பேரைப் படி லா. என்ன போட்டிருக்கு?"

சொக்கலிங்கம் என்றுதான் போட்டிருந்தது.

"உன்னையும் தேடிப் பார்த்தேன்யா. இருபத்து மூணாவதுல ஒரு எம் இருக்கு. அது நீதானா?"

தாங்க முடியாமல் ஒரு நாள் வீட்டில் கேட்டேவிட்டேன்.

"இளா, இனிமே எழுதறதுல அப்பா பேரை முழுசாப் போட்டா என்ன?"

"ஏம்ப்பா திடீர்னு?"

"சும்மாதான்."

"பேரை சேஞ்ச் பண்ணா சிஸ்டம் என்னை ரெண்டு ஆளா நினைச்சுக்கும்ப்பா. பாதி கவுண்ட் ஒருத்திக்கு, மீதி இன்னொருத்திக்கு. இருபத்து மூணுலேர்ந்து எங்கயோ கீழ போயிடுவேன். ஓகேவா?"

ஓகே என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. மகள் கீழே போனாலும் சரி, என் பேர் அச்சில் வரட்டும் என்று ஒரு கணம் நினைத்த தகப்பன் நான்.

அந்த எரிச்சலோடு நான் தேக்காவுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அவர் பதினேழைத் தொட்ட செய்தியோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. நான் சொன்னேன்: "யோவ், அது உன் பேரே இல்ல. உன் பொண்ணு சம்பாதிச்சது. நீ ஃபில்டர் கழுவுறவன்."

அவர் கோபப்படவில்லை. கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"தெரியும் மாரி. முப்பது வருஷமா எல்லார் ஃபோன்லயும் நான் ஏர்கான் அங்கிள்தான். என் பேரை யாராவது எழுதி நீ பார்த்திருக்கியா? இவங்க எழுதறாங்கய்யா. அதுவும் ஸ்பெல்லிங் தப்பில்லாம."

உன் கைபேசியில் நான் என்னவாக இருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை. 'ஏர்கான்' என்றுதான் இருந்தது.

அடுத்த ஞாயிறும் வந்தார். கோப்பி குடித்தார், காற்பந்து பேசினார். கைபேசியை மட்டும் நீட்டவில்லை. நானும் கேட்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அப்படியே நாலு மாதம் ஓடிற்று. அதற்குள் போய்விட்டார்.

அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உடலை வைத்திருந்தார்கள். தேவி வீங்கிய கண்களோடு என்னை ஓரமாக அழைத்தாள். "ஒரு கூத்து நடந்துபோச்சு அங்கிள். 'சொக்கலிங்கம் காலமானார்'னு லேப்ல யாரோ ஷேர் பண்ணிட்டாங்க. வெளிநாட்டுல இருக்கறவங்க எல்லாம் நான்தான் செத்துட்டேன்னு நினைச்சுட்டாங்க." ஆய்வுக்கூடங்களிலிருந்து இரங்கல் கடிதங்கள் வந்து குவிந்திருந்தன. ஒன்றைத் தமிழில் சொன்னாள்: சொக்கலிங்கத்தின் மறைவு எங்கள் துறைக்குப் பெரிய இழப்பு.

"நீ இல்லன்னு பதில் போட்டியாம்மா?"

"போட்டுட்டேன் அங்கிள். அதுக்கு முன்னாடி எல்லாத்தையும் அப்பா காதுல படிச்சிட்டேன்."

அது உன் பேரே இல்லை என்று நான் சொன்னது அந்த இடத்தில் பொய்யாகிப் போயிற்று. அழுதேன். அழும்போதே உள்ளே ஒரு குரல் கேட்டது: எனக்கு இப்படி யார் எழுதுவார்கள்? ஓர் எம் காலமானால் ஜெர்மன்காரனுக்குத் தெரியவா போகிறது?

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு ஞாயிறு தேக்காவுக்குப் போனேன். அவர் குடிக்கிற சர்க்கரையில்லாத கோப்பியை வாங்கி வைத்துக்கொண்டு, அந்தப் பட்டியலை நானே தேடிப் பிடித்தேன். சொக்கலிங்கத்துக்கு இரண்டு கூடியிருந்தது. சொன்னது யார் என்று தட்டிப் பார்த்தேன். ஒன்று யாரோ. இன்னொன்று இளவரசி எம்.

உடனே மகளை அழைத்தேன். "நீயாம்மா அவரைச் சொன்னது?"

"தேவி செஞ்சது நல்ல வேலைப்பா. அதைச் சொல்லாம என் பேப்பர் நிக்காது. முன்னாடியும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கேனே. அங்கிள் உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. என்னிடம் நீட்டிய எண்களில் என் வீட்டிலிருந்து போனதும் இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நீ ஃபில்டர் கழுவுறவன் என்று நான் சொன்ன அன்றுகூட அதை எடுத்து என் முகத்தில் வீசவில்லை.

என் கைபேசியில் 'ஏர்கான்' என்று இருந்ததை அழித்துவிட்டு அவர் பேரை முழுசாக, ஓர் எழுத்தும் விடாமல் பதிந்திருக்கிறேன். ஞாயிறுதோறும் எண்ணைப் பார்ப்பது இனி என் வேலை. அந்த ஆள் இதற்கு மேல் போக முடியாது என்று சந்தையிலிருந்து வரும் வழியில் நினைத்தேன் அல்லவா? நேற்றுப் பார்த்தேன். பதினாறு.

பொறாமை அப்படியே இருக்கிறது, சொக்கலிங்கம். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அதை யாருக்கும் விட்டுத்தருவதாக இல்லை.