தாசையன் மேஸ்திரியும் பிடிக்காத முன் பிரேக்கும்

தாசையன் மேஸ்திரி இறந்துவிட்டார் என்று லாரி டிரைவர் வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. போன வருஷமும் அவன் இதே செய்தியைக் கொண்டுவந்தான். இறந்தது வேறொரு தாசையன். "இது நம்ம மேஸ்திரிதான் சாரே. கருங்கல் சந்தையில நெஞ்சைப் பிடிச்சிட்டு இருந்தவரு பெறவு எந்திரிக்கல்ல" என்றான். மறுநாள் காலை கருங்கல் ஊருக்குப் போய், பெட்டிக்குள் முகத்தைப் பார்த்த பிறகே நம்பினேன். மேஸ்திரியும் அப்படித்தான் செய்திருப்பார்.

கீரிப்பாறைக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்தில் அவர் ஃபிட்டர். நான் அங்கே மருந்துக் கம்பவுண்டர். பெட்டி பிரித்து எடுத்த புதுப் போல்ட்டைக்கூட ஒருமுறை திருகிப் பார்க்காமல் மாட்டமாட்டார். "எனக்கு ஒரு சம்சயம் உண்டு" என்றுதான் பேச்சையே தொடங்குவார். 'சம்சயம் மேஸ்திரி' என்றால்தான் தோட்டத்தில் பலருக்குத் தெரியும்.

சுதந்திரம் வந்த மறு ஆண்டு, தோட்டத்துத் துரை கப்பலேறும்போது தமது பழைய மோட்டார் சைக்கிளை எனக்கு விற்றார். மேஸ்திரியும் அதைக் கேட்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. வண்டியில் முன் பிரேக் பிடிக்காது. மலைச் சரிவில் மருந்துப் பெட்டியோடு இறங்குகிறவனுக்கு அது விளையாட்டல்ல. மேஸ்திரி சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே பிரேக் கட்டைகள் கிரீஸில் ஊறிக் கிடந்தன. பெட்ரோலில் கழுவி, உப்புக் காகிதத்தால் தேய்த்து மாட்டினார். பிரேக் நன்றாகப் பிடித்தது. பத்தே நாளில் மறுபடி வழுக்கியது. திரும்பக் கழற்றினால் திரும்பவும் கிரீஸ்.

"இது தானா வந்த கிரீஸ் இல்ல. உமக்கு யாரும் விரோதம் உண்டா?" என்று என் முகத்தை உற்றுப் பார்த்துக் கேட்டார்.

அன்று மாலை தோட்டத்து ரைட்டர் என்னைத் தனியே அழைத்தார். "விரோதியை எங்க போய்த் தேடப் போறீரு? அந்த வண்டி மேல மேஸ்திரிக்கு ஒரு கண்ணு. நீரு பயந்து கைவிட்டா அவனுக்குத்தானே லாபம்?" என்றார். அதற்குப் பிறகு மேஸ்திரியின் கை வண்டியைத் தொடும்போதெல்லாம் என் கண் அந்தக் கையைவிட்டு அகலவில்லை.

மூன்றாம் முறை பிரேக் பிடிக்கவில்லை என்று போய் நின்றபோது அவர் என்னையே நம்பவில்லை. "போன வாரம் பிடிச்சது இண்ணைக்குப் பிடிக்கல்லியா? நீரு சொல்லுகதுல எனக்குச் சம்சயம் உண்டு" என்று வண்டியை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினார். வளைவில் வண்டி நிற்காமல் போய் மண்திட்டில் மோதியது. ஓடிப்போய்த் தூக்கினேன். இடது மணிக்கட்டு ஒடிந்திருப்பது தொட்ட உடனே தெரிந்தது. சிம்பு வைத்துக் கட்டினேன். எழுதவே கூசுகிறது: கட்டும்போதுகூட, தம்மேல் குற்றமில்லை என்று என்னை நம்பவைக்க வேண்டுமென்றே விழுந்தாரோ என்று என் மனம் கணக்குப் போட்டது.

நாலு நாள் கழித்து, கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டபடி வந்தார். "இந்தத் தடவை நீரே கழற்றும். நான் தொட்டேன்னு ஒருத்தரும் சொல்லப்பிடாது" என்றார். ரைட்டரின் பேச்சு அவர் காதுக்கும் போயிருந்தது. எனக்குத் தலை நிமிரவில்லை. அவர் சொல்லச் சொல்ல நானே கழுவி மாட்டினேன். சக்கரத்து நட்டின் மேல் சிவப்புச் சாயம் ஒரு பொட்டு வைத்தார். யாராவது திறந்தால் சாயம் உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்த வாரமே பிரேக் மறுபடி வழுக்கியது. சாயம் வைத்தது வைத்தபடி இருந்தது.

சாயப் பொட்டை விரலால் தடவிப் பார்த்த மேஸ்திரி, "இந்த வண்டிக்கு நீரு என்னெல்லாம் செய்வீரு? எனக்க முன்னால செஞ்சி காட்டும்" என்றார். துடைத்தேன், எண்ணெய் பார்த்தேன். துரை சொல்லிக்கொடுத்தபடி ஞாயிறுதோறும் செய்வதுபோல, முன் சக்கரத்தின் நடுக்குடத்தில் கிரீஸ் பம்பை வைத்து அழுத்தத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று…

"போதும், நிறுத்தும்."

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தோம்; குடத்துக் கிரீஸ் பிரேக் பக்கம் கசியாமல் தடுக்கும் கம்பளி வளையம் எப்போதோ தேய்ந்து போயிருந்தது. வாரம் தவறாமல் பிரேக் கட்டைக்குக் கிரீஸ் ஊட்டிக்கொண்டிருந்தவன் நான்தான். அவர் கையை ஒடித்தவனும் நான்தான்.

 மேஸ்திரி கம்பளித் துண்டு ஒன்றை வளையமாக வெட்டச் சொல்லி மாட்டவைத்தார். பிறகு பிரேக் வழுக்கவே இல்லை. ரைட்டர் வந்து, "ஆருடைய வேலை ஓய்?" என்று கேட்டபோது, "வளையம் தேஞ்சி போச்சி. வேற ஒண்ணுமில்ல" என்று முடித்துவிட்டார். நான் பக்கத்தில் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அந்த மணிக்கட்டு கடைசிவரை முழுதாகத் திரும்பவில்லை. மேஸ்திரிதான் வண்டியைக் கெடுத்தார் என்று இன்றும் தோட்டத்தில் சொல்பவர்கள் உண்டு. அவர்களும் படிக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது 'செஞ்சி காட்டும்' என்ற அந்த ஒரு சொல்தான். அடக்கம் முடிந்து திரும்பிய வாரம், ரப்பர் பால் வெட்டும் பெண் ஒருத்தி குழந்தையின் ஆறாத புண்ணோடு மருந்தகத்துக்கு வந்தாள். ஒழுங்காக மருந்து போடுவதில்லை என்று கடிந்துகொள்ள வாயெடுத்தேன். சட்டென்று, "எப்படிப் போடுறே, செஞ்சி காட்டு மக்கா" என்றேன். புட்டி மருந்தில் துளித் தண்ணீர் சேர்க்காமல் பஞ்சை நனைத்தாள். புண்ணை எரிக்கும் வீரியம் அதற்கு உண்டு. அவள் கையிலிருந்த சீட்டை வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்துதான். தண்ணீர் கலக்க வேண்டும் என்று நான் எழுதியிருக்கவில்லை.