நடுவில் நிற்கும் பாட்டு

முகம் மழிக்கும்போதெல்லாம் வெர்லின் ஒரே பாட்டைத்தான் பாடுவான்: அயர்ன்வுட் ஜங்ஷன் குழுவின் ‘முட்டிவரை மழை’. இரண்டாம் சரணம் பாதி போனதும் குரல் தேயும், கத்தி கன்னத்தில் நிற்கும், நாக்கைத் தட்டி ‘டக்’ என்பான். பிறகு விட்ட சொல்லிலிருந்து குரல் மறுபடி ஏறும். லோரீன் பல வருடம் இதைக் கவனித்துவிட்டு, ஒருநாள் கேட்டேவிட்டாள்.

“பாட்டே அப்படித்தானே இருக்கு?” என்றான் அவள் கணவன்.

அவனுடைய சோள லாரியின் டேப் பெட்டிக்குள் 1976இல் போன அந்தக் குழுவின் டேப் சிக்கிக்கொண்டு வெளியே வரவேயில்லை. அந்தக் காலத்து எட்டுத்தட டேப் நான்கு பாகமாக ஓடும். இடம் தீர்ந்தால் எத்தனை பெரிய ஹிட்டும் நடுவிலேயே அமிழ்ந்து, டக்கென்று அடுத்த பாகத்துக்குத் தாவித் தலைதூக்கும். முதல் ஆல்பம்தான் அசல், நாலாவதில் பிடில் சேர்த்துக் கெடுத்தார்கள் என்று ஊரே சண்டை போடும். வெர்லின் வாய் திறக்கமாட்டான். அவனுக்குத் தெரிந்தது ஒரே ஆல்பம். அதைக் கரைத்துக் குடித்திருந்தான்.

1984 ஆகஸ்ட். அந்தக் குழுவின் பாட்டுகளையே வாசித்துவந்த டயர்க்கடை ஹாலிஸின் உள்ளூர் குழுவில், பாடகன் வேலை கிடைத்து டென்வர் போய்விட்டான். கால்நடைப் போட்டியும் பாட்டு மேடையுமாக வருடம் ஒருமுறை கூடும் கவுண்டிச் சந்தைக்குப் பத்து நாள்தான் இருந்தது. “நான் பாடறேன்” என்று போய் நின்றான் வெர்லின். ஹாலிஸ் தலையாட்டுமுன்பே தானியக் கிடங்கில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று.

“நீ பாடினா இந்த வருஷம் பரிசு பன்னிக்குத்தாண்டா” என்றான் அங்கே எடைமேடையில் வேலை பார்க்கும் டப்.

ஒத்திகையில் ஐந்து முறை பாடினான், ஐந்து முறையும் நின்றான்.

“ஏன்யா நிக்கற?” என்று கத்தினான் ஹாலிஸ்.

“நானா நிக்கறேன்? வாய் நிக்குது.”

“சனிக்கிழமை நின்னேன்னா இனிமே இந்த மேடை உனக்குக் கிடையாது, சொல்லிட்டேன்.”

அன்றிலிருந்து லோரீன் முட்டை கழுவும் வேலையைப் போட்டுவிட்டுக் களஞ்சியத்தில் அவன் பின்னால் நின்றாள். அந்த இடம் வந்தால் பெல்ட்டைப் பிடித்து இழுப்பாள். ஏழாம் நாள் நிற்காமல் பாடினான்.

சனிக்கிழமை மதியம் கேலரி நிரம்பியிருந்தது. மேடையோரம் லோரீன். இரண்டாம் சரணத்தில் அவள் கையை உயர்த்திச் சைகை காட்டினாள். அவளைப் பார்த்ததும் வெர்லினுக்குப் பெருமை தாங்கவில்லை. சிரித்தான். சிரித்தபடியே நின்றுவிட்டான். பத்து நாள் அவனோடு பழகிய டிரம்மும் நின்றது. ஹாலிஸ் முகம் செத்துப்போயிற்று.

கேலரியிலிருந்து முந்நூறு நாக்குகள் ஒன்றாகத் தட்டின: டக்!

கவுண்டியில் லாரிக்கு லாரி அந்த டேப்தானே ஓடியது! வெர்லின் விட்ட சொல்லைப் பிடித்து எழும்ப, டப் தொப்பியைத் தூக்கி எறிந்தான்.

“அடுத்த வருஷமும் இதே இடத்துல நில்லு” என்றான் ஹாலிஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அப்படியே இன்னும் இருபத்திரண்டு சந்தை பாடினான்.

லாரியில் திரும்பும்போது லோரீன் மட்டும் உம்மென்று இருந்தாள்.

“ஏழு நாள் இழுத்தேனே, என் கைக்கு என்ன மரியாதை?”

“உனக்கு முழுசாப் பாடறேன் லோரீன். நம்ம சமையலறையில, நீ மட்டும் கேக்க.”

“எப்போ?”

“அறுவடை முடியட்டும்.”

வருடாவருடம் கேட்டாள். சோளம் முடிந்தால் சோயா இருக்கும். சோயா முடிந்தால், “அட, தொண்டை கட்டியிருக்கு” என்பான். அவள் ஈரத்துணியை அவன்மேல் எறிவாள்.

2006 அக்டோபரில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தான். பாதி சோயா வயலிலேயே நின்றது. அக்கம்பக்கத்தார் ஒன்பது அறுவடை இயந்திரங்களோடு வந்து ஒரே நாளில் அறுத்துக் கொடுத்தார்கள். லோரீன் எல்லோருக்கும் ஆப்பிள் பை பலகாரம் சுட்டு வெட்டிவைத்தாள்.

“முடிஞ்சுது லோரீன், ஒரு செடி பாக்கியில்ல” என்றான் ஹாலிஸ்.

“அறுவடை முடிஞ்சுது சரி. எனக்குப் பாட வேண்டியவன எங்க போய்ப் பிடிக்கறது?” என்றாள்.