பழைய சிலுவாரைப் படித்தவன்

போன வருடத்துக்கு முந்தின வருடம், தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, கோலா சாவா பக்கம் நாங்கள் இருக்கும் செம்பனைத் தோட்டத்தில் இது நடந்தது.

உதிரிப் பழம் பொறுக்குவதும் மருந்தடிப்பதும்தான் எங்கள் வேலை. குத்தகைக்காரன் வெளிநாட்டு ஆட்களைக் கொண்டு வந்து இறக்கியதும் பெண்களுக்கு வேலை நின்றுபோனது. எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்தேன். அப்போதுதான் தோட்டத்தை ஒட்டிக் கட்டிய புது வீடமைப்புப் பகுதிக்கு ஜாகா வேலை, அதாவது வாசல் காவல், வந்தது. மாற்றி மாற்றி நிற்க மூன்று பெண்கள் வேண்டும். மூன்று பேரும் சேர்ந்து வந்தால் எடுப்போம், ஒருத்தி குறைந்தாலும் வெளியிலிருந்து ஆள் போட்டுவிடுவோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. நானும் அடுத்தடுத்த வீட்டுப் பெண்கள் இருவரும் பெயர் கொடுத்தோம்.

புதன்கிழமை சீருடை வந்தது. சட்டை பரவாயில்லை. சிலுவார்தான், அதாவது கால்சட்டைதான், வினை. மூன்றும் ஒரே அளவு, ஆண்களுக்கு வெட்டியது. எங்கள் மூன்று பேர் உடம்பையும் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். எனக்கு வயிறு பெரியது, பின்பக்கம் ஒன்றுமில்லை. கொக்கி நான்கு விரல் எட்டாது, பின்னால் பை மாதிரி தொங்கும். வலது பக்கத்து வீட்டுக்காரிக்கு இடுப்பும் தொடையும் பெரிது. சிலுவார் முட்டிக்கு மேல் ஏறவே இல்லை. இடது பக்கத்து வீட்டுக்காரி குட்டை, ஒல்லி. அதற்குள் அவளைப் போல இரண்டு பேர் நிற்கலாம், கால் ஒரு சாண் தரையில் இழுபட்டது.

சீருடை கொண்டு வந்த ஆளிடம் கேட்டேன். வேறு அளவு கிடையாது, திங்கட்கிழமை பெரியவர் வந்து பார்ப்பார், கம்பெனி துணிதான் உடம்பில் இருக்க வேண்டும், மற்றது உங்கள் பாடு என்றான். இடுப்பில் ஒரு கயிறு கட்டிக்கொள்ளச் சொல்லிச் சிரித்தான். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

வியாழக்கிழமை மோட்டார் சைக்கிளில் லுக்குட் பட்டணத்துக்குப் போனோம். முதல் தையல்கடையில் தீபாவளி துணி மலையாகக் கிடக்கிறது, பண்டிகை முடிந்து வாருங்கள் என்றார்கள். இரண்டாவது கடைக்காரர் துணியை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. பெரிய உடம்புக்காரியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்த உடம்புக்கெல்லாம் சிலுவார் சரிப்படாதம்மா, தொளதொள பாஜூ அங்கி போட்டுக்கொள்ளுங்கள் என்றார். நான் கத்தின கத்தலில் எதிர்க்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். ஆனால் கத்தி என்ன பயன்? வீட்டு வாசலில் இறங்கினதும் பெரிய உடம்புக்காரி, "நான் வரல. நீங்க ரெண்டு பேரும் வேற ஆள் பாத்துக்கோங்க" என்றாள்.

அவள் கணவருக்குச் சர்க்கரையில் கால் விரல்கள் போய்விட்டன. அவளுக்குத்தான் எங்கள் எல்லாரையும்விட இந்த வேலை தேவை. அவள் போனால் எங்களுக்கும் போச்சு.

சனிக்கிழமை சாயங்காலம் மூன்று சிலுவாரையும் என் வீட்டு முன்திண்ணை அஞ்சடியில் போட்டு, ஒல்லிக்காரியும் பக்கத்தில் இருக்க, பெரிய உடம்புக்காரியைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவளிடம் ரவிக்கை தைக்கும் சின்ன மிஷின் உண்டு. பக்கத்தைப் பிரித்து ஏதாவது துணி வைத்துத் தை என்கிறேன். சிலுவார் தனக்குத் தெரியாது, இருக்கிறதையும் கெடுத்துவிடுவேன் என்கிறாள். அப்போது கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒருவன் நின்று சிலுவார்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசி வரிசை வீட்டு லயத்தில் இருக்கும் பங்களாதேசிப் பையன். பையன் என்றாலும் முப்பது வயதுக்கு மேல் இருக்கும். குலை வெட்டுகிறவன். அவனை எனக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டு மாதத்துக்கு முன் என் வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகளை நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் இல்லை, மூன்று நாள். பெண்கள் துணியை என்ன பார்வை என்று லயமே கூடும்படி திட்டினேன். தோட்டத்து மேற்பார்வை மண்டோரிடமும் புகார் சொன்னேன். அவர் அவனைக் கூப்பிட்டு அதட்டி, இனி எங்கள் லயத்து வழியாக நடக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கடைக்குப் போக அவன் கால்வாயைச் சுற்றித்தான் போவான்.

திரும்பவும் நிற்கிறானே என்று எனக்கு எரிந்தது. போடா என்று கத்தினேன். அவன் போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா, உடம்பு சாலா இல்ல. சிலுவார்தான் சாலா" என்றான்.

மலாய்ப் பேச்சில் சாலா என்றால் தப்பு. லுக்குட்டில் கேட்டதற்குப் பிறகு அந்த ஒரு வாக்கியம் எங்கள் மூன்று பேரையும் நிறுத்தியது. அவன் அங்கேயே குந்தினான். ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு போட்டான். ஒரு சிலுவாரின் முன்பக்கம், பின்பக்கம், இரண்டு காலும் சேரும் இடம் எல்லாம் தனித்தனியாக வந்தது. பின்பக்க வளைவை அழித்து, இன்னும் ஆழமாக வேறு வளைவு போட்டான். மிஷின் வைத்திருக்கிறவள் எழுந்து கால்வாய் ஓரம் போய்ப் பார்த்தாள். "இவனுக்குத் தெரியுதுக்கா" என்றாள்.

அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். ஊரில் ஆறு வருடம் தையல் ஃபேக்டரியில் இருந்தானாம். பெண்கள் சிலுவார் மட்டும். வெளிநாட்டுக்குப் போகும் சரக்கு. முதலில் இடுப்புப் பட்டி தைத்தான், பிறகு வெட்டும் மேசைக்குப் போனான். என் கொடியில் காய்ந்த கறுப்புச் சிலுவாரின் இடுப்புப் பட்டியில் இரட்டைத் தையல் இருந்ததாம். அது அவன் வேலை செய்த இடத்துத் தையல் மாதிரியே இருந்ததால் நின்று பார்த்தானாம்.

நான் உள்ளே போய் அந்தக் கறுப்புச் சிலுவாரைத் தேடி எடுத்தேன். சிரம்பானில் வாங்கியது. உள்ளே சீட்டைப் புரட்டிப் பார்த்தேன். அவன் நாட்டுப் பெயர்தான் இருந்தது.

ஒல்லிக்காரி சும்மா இருப்பாளா? "அக்கா, அன்னைக்கு நீங்க கத்தினதுல செம்பனையே உதிர்ந்துச்சு லா" என்றாள். நான் அவனை அஞ்சடிக்கு வரச் சொன்னேன்.

அளவு எப்படி எடுப்பது? ஒரு ஆண் எங்கள் மேல் டேப் வைக்க முடியாது. அவனும் அதை நினைக்கவே இல்லை. பழைய சிலுவார் கொடுங்கள் என்றான். வேலைக்குப் போட்டது, ரொம்பக் கிழிந்தது வேண்டும் என்றான். "கிழிஞ்சத கேக்குறியே, எங்கிட்ட கிழியாதது எது இருக்கு?" என்று பெரிய உடம்புக்காரி சொல்லிக்கொண்டே போய் எடுத்து வந்தாள். இரண்டு நாளுக்குப் பிறகு அவள் அப்போதுதான் சிரித்தாள்.

அவன் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். பழைய சிலுவார்களை ஒவ்வொன்றாக உள்ளே வெளியே திருப்பி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். எங்கே துணி நைந்திருக்கிறது, எங்கே பளபளக்கிறது, எங்கே தையல் இழுபட்டிருக்கிறது என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தான். ஒல்லிக்காரியின் சிலுவாரில் இடது முட்டி மட்டும் மெலிந்திருந்தது. இந்த அக்கா பழம் பொறுக்க ஒரு முட்டி போட்டு உட்காருவாங்க, வலது கால் வலி இருக்கு என்றான். உண்மை. அவள் மோட்டாரிலிருந்து விழுந்த கால் அது. பெரிய உடம்புக்காரியின் சிலுவாரில் உள்தொடை ஒட்டுமேல் ஒட்டாக இருந்தது. தப்பான இடத்தில் தையல் போகிறது, அதனால்தான் அங்கே அறுக்கிறது, தோலும் அறுந்திருக்கும் என்றான். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் தலையாட்டியதும் அவனுக்குத் தெரியாது.

என்னுடையதை வெகுநேரம் வைத்திருந்தான். இடுப்புப் பட்டியின் முன்பக்கம் கீழே மடிந்து மடிந்து வரி விழுந்திருந்தது. பித்தானைக் கழற்றிவிட்டு ஊக்கு குத்தியிருந்தேன். அவன் குரலைத் தாழ்த்தி, மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டான்.

"அக்கா, வயித்துல ஆபரேசனா? பட்டி அது மேல உக்காருதா?"

ஐந்து வருடத்துக்கு முன் எனக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள். தழும்பு இன்றைக்கும் உரசினால் எரியும். இந்தப் பெண்களிடம்கூட நான் சொன்னதில்லை. சொல்லிப் பரிதாபம் வாங்க எனக்குப் பிடிக்காது. மடித்துவிட்டுக்கொண்டு வேலை பார்ப்பேன், அவ்வளவுதான். ஒரு கிழிந்த துணியிலிருந்து அதை அவன் எப்படி எடுத்தான்? ஆமாம் என்று மட்டும் சொன்னேன். "ரெண்டு விரல் மேல ஏத்திடுறேன்" என்றான். மேற்கொண்டு ஒரு கேள்வி இல்லை.

மறுநாள் ஞாயிறு, அவனுக்கு ஓய்வு. காலையிலேயே மிஷின்காரியின் வீட்டு அஞ்சடியில் உட்கார்ந்தான். அவள் கணவர் நாற்காலியைப் போட்டுப் பக்கத்திலேயே காவல். புதுச் சிலுவார் மூன்றையும் பிளேடு வைத்துத் தையல் தையலாகப் பிரித்தான். நான் பதறிப்போனேன். இருந்த மூன்றும் போய் இப்போது பாயில் வெறும் துண்டுகள். திங்கட்கிழமைக்கு உடுத்த ஒன்றுமே இல்லை. வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

தேய்ந்த சவர்க்காரத் துண்டால் கோடு போட்டு வெட்டினான். ஒல்லிக்காரியின் காலில் மிஞ்சிய ஒரு சாண் துணி, பக்கத்தில் மிஞ்சிய நீளத் துண்டு எல்லாம் ஒதுங்கியது. என் சிலுவாரில் பை மாதிரி தொங்கிய பின்பக்கத் துணியும் ஒதுங்கியது. எங்களிடம் மிச்சமானது அத்தனையும் பெரிய உடம்புக்காரிக்குப் போனது. நீளத் துண்டுகள் தொடையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தன. இரண்டு காலும் சேருகிற இடத்தில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்தான். அதனால் அங்கே தையல் கூடுவதே இல்லை, அறுக்க ஒன்றுமில்லை. கடைசியில் மிஞ்சிய துண்டில் என் இடுப்புப் பட்டி உயர்ந்தது. மூன்றும் ஒரே சுருளில் வெட்டிய துணி, அதனால் ஒட்டுப் போட்டதே தெரியவில்லை. "இவளுக்குப் பத்தணும்னா பக்கத்துத் தோட்டத்துச் சிலுவாரையும் வாங்கிட்டு வரணும்" என்றார் அவள் கணவர். "பேசுங்க, சம்பளம் வந்ததும் உங்களுக்குச் சோறு கிடையாது" என்றாள் அவள். அவன் தலையே தூக்கவில்லை. நானும் எழுந்து வீட்டுக்குச் சமைக்கப் போகவில்லை. மிஷின் ஊசிக்குக் கீழே அந்தத் துணி திரும்புவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெயில் சாய்வதற்குள் பாயில் உள்ளங்கை அகலத் துணிதான் மிச்சம்.

உள்ளே போய் உடுத்திக்கொண்டோம். கண்ணாடி எங்கே என்று கேட்டவளை அவன் வெளியிலிருந்தே தடுத்தான். நின்று பார்த்தால் எல்லாச் சிலுவாரும் நன்றாகத்தான் இருக்கும், குந்திப் பாருங்கள் என்றான். மூன்று பேரும் உள்ளே குந்தினோம். எனக்குத் தழும்பில் ஒன்றும் படவில்லை. ஒல்லிக்காரி முட்டி போட்டாள், எழுந்தாள். பெரிய உடம்புக்காரி மெதுவாக, காதைத் தீட்டிக்கொண்டு, எங்கேயாவது பிரியும் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே குந்தினாள். சத்தம் இல்லை. அவள் எழுந்திருக்கவே இல்லை. குந்தினபடியே தொடையைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் இடுப்பு அத்தனை அழகு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

வெளியே வந்தோம். அவன் இன்னும் அதே மாதிரி முதுகைக் காட்டி, நூலைச் சுற்றிக்கொண்டிருந்தான். நல்லா இருக்கு என்றேன். அவன் கொஞ்சம் தயங்கி, என்னிடம்தான் கேட்டான்.

"அக்கா, பாக்கலாமா? ஆறு வருசம் தைச்சேன். போட்டவங்கள ஒரு நாளும் பாத்ததில்ல."

பார் தம்பி என்றேன். அவனை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவன் எழுந்து திரும்பினான். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று சிலுவாரையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

திங்கட்கிழமை காலை கம்பெனிப் பெரியவர் வந்தார். எங்களை வரிசையாக நிற்க வைத்து, சுற்றி வந்து பார்த்தார். இந்த அளவெல்லாம் நம்மிடம் இருக்கிறதா என்று அந்தக் கயிறு கட்டச் சொன்ன ஆளிடம் கேட்டார். அவன் விழித்தான். மூன்று பேருக்கும் வேலை கிடைத்தது.

அந்தச் சீருடையோடு நேராக மண்டோரிடம் போனேன். நான் சொன்ன புகார் பொய், அவன் எங்கள் லயத்து வழியாகவே நடக்கட்டும் என்றேன். எல்லாரும் வேலைக்குக் கிளம்பும் நேரம். நாலு பேருக்குக் கேட்கும்படிதான் சொன்னேன். திட்டினபோதும் அப்படித்தானே திட்டினேன்.

பிறகு அவனைக் கோலா பிலா பக்கம் வேறு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். கம்பெனி புதுச் சிலுவார் கொடுத்திருக்கிறது, பெண்களுக்கு வெட்டியதாம், அதுவும் சரியில்லை. நான் அவன் தைத்ததைத்தான் துவைத்துத் துவைத்துப் போடுகிறேன். இத்தனை வருடம் என்னோடு இருந்த யாரும் உனக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டதில்லை. நான் விரட்டின ஒருவன், என் முகத்தைக்கூடப் பார்க்காமல், ஒரு பழைய துணியைத் தடவிப் பார்த்துக் கேட்டான். அதை நினைத்தால், இவ்வளவு வாய் இருக்கிற எனக்கு இன்றைக்கும் பேச்சு வருவதில்லை.