கோவளம் மீன் ஏலமும் பஷீரின் மூன்றாவது கேஸ்கெட்டும்

விடியற்காலை மீன் ஏலம் பார்க்க வேண்டும் என்று 2006 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை கோவளம் போனேன். தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக 31 கிலோமீட்டர். போக வர 600 ரூபாய். வாடகைக்கு ஓட்டும் பஷீரின் பழைய டீசல் காரில் 4.45க்குக் கிளம்பி, 5.40க்கு மணலில் நின்றோம். ஏலம் சொல்பவரின் வேகத்துக்கு என்னால் குறிப்பெடுக்க முடியவில்லை. இத்தனை வருட நிருபர் வேலைக்குப் பிறகும்!

திரும்பும்போது பஷீர் தயங்கினார். "சார், மீன் விக்கிற மல்லிகா அக்காவும் கூடைங்களும் தாம்பரம் மார்க்கெட்டுக்கு வரணும். ஏத்திக்கலாமா?" காலைதோறும் அதுதான் அவருடைய நிலையான சவாரி. சரி என்றேன்.

7.20க்கு, கண்டிகை தாண்டியதும் வெப்பம் காட்டும் முள் சிவப்புக்குப் போனது. முன்பக்கம் ஆவி.

"மூணு மாசத்துல ரெண்டு ஹெட் கேஸ்கெட் மாத்திட்டேன் சார். இதுவும் போச்சுன்னா வண்டிய வித்துட வேண்டியதுதான்" என்றார் பஷீர். என்ஜினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் தகடுதான் கேஸ்கெட்.

ஆவி அடங்குவதற்குள் மல்லிகா, மீன்மேல் இருந்த ஐஸையும் உருகிய தண்ணீரையும் குண்டானில் அள்ளி வந்தார். "பேஜாராவாத பஷீரு, இப்ப ஆறிடும்." ரேடியேட்டரில் அதை ஊற்றினார். வெள்ளைப் புகை கக்கியபடி கார் ஊரப்பாக்கம் ஒர்க்‌ஷாப் வரை வந்தது. மல்லிகா கூடைகளோடு ஷேர் ஆட்டோவில் போய்விட்டார்.

மெக்கானிக் ரவி ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகர்ந்தார். "இன்னா பாய், உள்ள மீன் கொழம்பு வெச்சுகினு கீறியா?"

பஷீர் சிரிக்கவில்லை. "அக்கா ஐஸ் தண்ணி ஊத்துச்சு. ஒவ்வொரு தடவையும் அதான்."

ரவியின் சிரிப்பும் நின்றது. ஹெட்டைக் கழற்றி, இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்து என்னைக் கூப்பிட்டார். ஸ்கேலுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. கொதிக்கும் இரும்பில் ஐஸ் தண்ணீர் பட்டு ஹெட் வளைந்திருக்கிறது. முன்பு பழுது பார்த்த மெக்கானிக்குகள் அதைச் சோதிக்காமல் புதுத் தகட்டை மட்டும் வைத்து மூடியிருக்கிறார்கள். உப்புத் தண்ணீர் ரேடியேட்டரையும் அடைத்திருந்தது. அதனால் மறுபடி கொதிப்பு, மறுபடி ஐஸ்.

"விரிசல் இல்ல பாய். லேத்துல மட்டம் பண்ணிட்டா வண்டி பொழைச்சுக்கும்."

பஷீர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "அக்காகிட்ட சொல்லிடாதீங்க சார். அது மீன் கெட்டாலும் பரவால்லன்னு ஊத்துச்சு."

இந்த வழியில் போகிறவர்களுக்கு: ஐந்து மணிக்குள் கிளம்புங்கள். கார் கொதித்தால் அரைமணி நேரமாவது ஆறவிட்டு, பிறகு நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். கேஸ்கெட் இரண்டாவது முறை போனால், ஹெட்டில் ஸ்கேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்று வாரம் கழித்து அதே காரில் மறுபடி போனேன். முள் நடுவிலேயே நின்றது. டிக்கியில் கூடைகளுக்குப் பக்கத்தில் இரண்டு தண்ணீர் கேன்கள்.

"என் ஐஸு செலவாவுதுன்னு கேன் வாங்கி வெச்சுகினு கீறான் சார்" என்றார் மல்லிகா. "நல்ல மனசு."

பஷீர் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினார். நானும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.