சாலைக்கு அந்தப் பக்கம்

மெக்ஸிகோ நகரத்தில் நோய்கூட விலாசம் பார்த்துத்தான் வரவேண்டும். நீங்கள் குடியிருக்கும் தெருவுக்கென்று ஒரு காப்பீட்டு கிளினிக், அந்த கிளினிக்குக்கென்று ஒரு பெரிய மருத்துவமனை. இதையெல்லாம் அம்புக்குறி போட்டுப் படமாக வரைந்து சுவரில் மாட்டியிருக்கிறார்கள். பார்க்க அவ்வளவு அழகு. அந்தப் படத்துக்கு நேர் கீழே, ஆறாம் நம்பர் அறை வாசலில், பதினேழு வருடமாக நான் உட்கார்ந்திருக்கிறேன். பெயர் அம்பாரோ. டாக்டரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் என்னைத் தாண்டவேண்டும். அதற்கு நோயே தேவலை என்று சிலர் சொல்வதாகக் கேள்வி.

அப்படிச் சொல்லாத சிலரில் தோமித்திலா ஒருவர். ஐம்பத்தெட்டு வயது. பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையில், முடிந்த சட்டைகளைச் சரிபார்க்கும் வேலை. இரண்டு கண்ணிலும் புரை. பொத்தான் துளையே இல்லாத மூன்று சட்டைகள் அவர் கையைத் தாண்டிப் போய்விட்டன. நான்காவது போனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். வேலை போனால் காப்பீடு போகும். காப்பீடு போனால் அறுவை சிகிச்சை போகும். அதாவது, வேலையைக் காப்பாற்றக் கண் வேண்டும், கண்ணைக் காப்பாற்ற வேலை வேண்டும். எந்த மகராசன் உட்கார்ந்து யோசித்தானோ!

அவரும் முறையாகத்தான் வந்தார். விடியற்காலையில் வாசலில் அத்தோலே கஞ்சி குடித்தபடி வரிசையில் நின்று டோக்கன் வாங்கி, எங்கள் டாக்டரிடம் பரிந்துரைச் சீட்டு வாங்கி, அதற்கு முத்திரை வாங்கி, பெரிய மருத்துவமனையின் பதிலுக்காகக் காத்திருந்தார். பதினான்கு மாதம் கழித்துத் தேதி வந்தது: நவம்பர் பதினொன்று.

அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு பை நிறைய இனிப்பு ரொட்டியுடன் என் மேஜை முன்னால் வந்து நின்றார். மூன்றாம் மாடியில் படி தெரியாமல் இரண்டு முறை விழுந்ததால், சாலைக்கு எதிர்ப்பக்கம் தரைத்தளத்தில் ஓர் அறைக்கு மாறிவிட்டாராம். "உங்கள் விவரங்களைப் புதுப்பித்து வையுங்கள்" என்று எங்கள் சுவரில் எழுதியிருப்பதை யாரோ படித்துக் காட்டினார்களாம். அதை மதித்து வந்த முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்.

வாயில் ரொட்டியோடு புது விலாசத்தைத் தட்டியது நான்தான். திரை சிவப்பானது. இவர் இந்த கிளினிக்கைச் சேர்ந்தவர் அல்ல. சாலைக்கு அந்தப் பக்கம் வேறு கிளினிக், வேறு மருத்துவமனை. நவம்பர் பதினொன்று ரத்து. ரொட்டியைக் கீழே வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ரோட்டைத்தானே தாண்டினேன் மகளே, நாட்டையா தாண்டினேன்?" என்றார்.

பதிவுப் பிரிவின் தலைவர் பெர்மேஹோவிடம் ஓடினேன். லிசென்சியாதோ என்று பட்டத்தோடு கூப்பிட்டால்தான் தலை நிமிர்வார். கூப்பிட்டேன். புது கிளினிக்கில் முதலிலிருந்து ஆரம்பிக்கட்டும், பதினான்கு மாதம்தானே என்றார். பழைய விலாசத்தில் இருப்பதாக நிரூபிக்க வேண்டுமானால், அவர் பெயரில் நடப்பு மாதத்து கரண்ட் பில் வேண்டும் என்றும் சொன்னார். நடக்காது என்ற தைரியத்தில் சொன்னதுதான்.

ஆனால் தோமித்திலாவுக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. பழைய வீட்டு மீட்டர் இன்னும் அவர் பெயரில்தான் இருந்தது. மாடிக்குப் புதிதாக வந்த நபோர் என்கிற ட்ரம்பெட் வாசிப்பவர், பெயர் மாற்றப் போய் இரண்டு முறை திரும்பி வந்திருந்தார். இனி அந்த ஆபீஸ் பக்கமே போகமாட்டேன் என்று சொல்லி, பில்லை மகிழ்ச்சியாகக் கொடுத்தாராம்.

எட்டாம் நாள் பெர்மேஹோ அந்தப் பில்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எட்டு நாள்ல போயிட்டுத் திரும்பி வந்துட்டீங்களாம்மா?"

"பிடிக்கல லிசென்சியாதோ. வெளிச்சம் பத்தல."

முத்திரை விழுந்தது. ஆனால் தேதியை இந்நேரம் வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்களே? மருத்துவமனைக்கு போன் போட்டேன். ரத்துக் கடிதம் இன்னும் வந்து சேரவே இல்லை என்றார்கள். நான் அழுதுவிட்டேன். எங்கள் தாமதத்தால் ஒருவருக்கு நல்லது நடந்து இந்தப் பதினேழு வருடத்தில் அதுதான் முதல் முறை.

டிசம்பரில், வலது கண் கட்டு அவிழ்த்தபின், இடது கண்ணுக்குச் சீட்டு வாங்க வந்தார். என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "ஒன்ன சின்னப் பொண்ணுன்னுல்ல நெனச்சிருந்தேன்" என்றார். பிறகு சுவரில் இருந்ததை யார் உதவியும் இல்லாமல் வாய்விட்டுப் படித்தார்: உங்கள் விவரங்களைப் புதுப்பித்து வையுங்கள்.

விதிப்படி நான் கேட்டேயாக வேண்டும். கேட்டேன். "விலாசத்துல ஏதாவது மாத்தம் இருக்கா?"

அந்த ஒற்றைக் கண்ணால் என்னை நேராகப் பார்த்தார். "அதே மூணாவது மாடிதான். இன்னொரு கண்ணு வர்ற வரைக்கும் நான் எங்க போகப் போறேன்?"

அப்படியே தட்டினேன். திரை பச்சையாகவே இருந்தது.

அவர் வெளியே போவதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் நின்று, இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்து, யார் கையையும் பிடிக்காமல் சாலையைக் கடந்து தன் வீட்டுக்குப் போனார்.