லுங்கி கட்டினவர் ஏற முடியாத கார்

காருக்குப் பூசும் பட்டியும் பெயின்ட் தின்னரும் கலந்த வாசனை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குப் பசிக்கும். சிரிக்காதீர்கள். ரங்கூன் தாகேதாவில் வண்டிக்குப் பாடி கட்டும் ஒரு ஒர்க்‌ஷாப்பில், இருபத்திரண்டு வயதில், அந்த வாசனைக்கு நடுவில்தான் தினமும் மதியச் சோறு சாப்பிட்டேன்...

நேற்று க்ரூப்பில் ஒரு நண்பர் பழைய இத்தாலியன் கான்செப்ட் கார் படம் போட்டிருந்தார். ஆப்பு மாதிரி மூக்கு. இடுப்பு உயரம். கதவே கிடையாது, முன்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். கீழே ஒரு தம்பியின் கமென்ட்: "இதெல்லாம் நம்ம ரங்கூன்ல யாரு செய்யப் போறா?"

நான் செய்தேன், சாமி. உட்கார்ந்து கேளுங்கள்.

ஒர்க்‌ஷாப் முதலாளி ஊ தெய்ன். பெயர்தான் பர்மியப் பெயர், ஆள் நம்ம தமிழாள். எனக்கு வேலை சீட் கவர் தைப்பது. ஆனால் டவுனில் சூலே பக்கம் போகும்போதெல்லாம் பிளாட்பாரக் கடையில் பழைய கார் பத்திரிகை வாங்கிவந்து, பேட்டர்ன் வெட்டும் அட்டையில் கார் வெட்டிக்கொண்டிருப்பேன்.

அந்தப் பத்திரிகைகளில் இந்த மாதிரி இத்தாலியன் கார்களைப் பார்த்தபோது ஒன்று சட்டென்று புரிந்தது. எல்லாம் தட்டைத் தகடு, நேர் மடிப்பு. கண்ணாடியிலும் வளைவில்லை. பெரிய பிரஸ் மெஷின் இல்லாத எங்கள் பட்டறைக்கென்றே வரைந்த மாதிரி இருந்தது! மடிப்பைப் பற்றித் தையல்காரிக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா?

அந்தச் சமயத்தில்தான் லத்தாவில் பேட்டரி மொத்த வியாபாரம் செய்த கோ ஆங் வந்தார். கடை வாசலில் நிறுத்தினால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு வண்டி வேண்டுமாம். அவர் பர்மாக்காரர், பேசியதைத் தமிழில் எழுதுகிறேன். நான் அட்டைக் காரைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதான் வேணும்" என்றார்.

அவர் போனதும் ஊ தெய்ன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"செய்யி அமலா. ஆனா அவரு வண்டிய எடுக்கலன்னா, பென்சிலத் தூக்கிப் போட்டுட்டு தையல் மெஷின்ல போய் ஒக்காந்துடணும். அப்பறம் டிசைனு கிசைனுன்னு வாயத் தொறக்கப்படாது."

"சரி முதலாளி" என்றேன்.

இன்ஜின் பின்னால் இருக்கிற பழைய குட்டி லாரி ஒன்றை எடுத்தோம். முன்னால் இன்ஜின் இல்லாததால்தான் மூக்கை அவ்வளவு தாழ்த்த முடிந்தது. சீட்டைத் தரையோடு இறக்கினோம். ஸ்டியரிங் ராடைச் சாய்த்தோம். ரேடியேட்டரைப் படுக்க வைத்தோம். முன்கண்ணாடியைத் தூக்கிப் பிடிக்க, ஒரு வேனின் பின்கதவைத் தாங்கிய டம்பர் தண்டு இரண்டைக் கழற்றி மாட்டினோம்.

தகடு அடிக்கிற டிங்கர் வேலை என் அண்ணன் தாஸ். "ஒரு நூல் தப்பினாலும் மடிப்பு காட்டிக் குடுத்துடும்டி" என்று என்னைத் திட்டிக்கொண்டே மூன்று தடவை மூக்கைப் பிரித்து அடித்தான். ஒவ்வொரு தடவையும் நான்தான் உள்ளே ஏறி உட்கார்ந்து அளவு பார்த்தேன். மற்றபடி ஏறி இறங்கியது அவன் மட்டும்தான். அவன் வேலை நேரத்தில் அரைக்கால் சட்டை.

அங்கேதான் கோட்டை விட்டேன்.

டெலிவரி அன்று கோ ஆங் புதுப் பட்டு லுங்கி கட்டிக்கொண்டு, சொந்தக்காரர்களோடு வந்தார். கண்ணாடியைத் தூக்கினோம். மூக்கின் மேல் காலை வைத்துத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். பேன்ட் போட்ட இத்தாலிக்காரனுக்கு அது ஒரு எட்டு. கோ ஆங் காலைத் தூக்கினார், லுங்கி இழுத்தது, முடிச்சு அவிழ்ந்தது...

இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார் மனிதர். சொந்தக்காரர்கள் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள்.

"பொம்பளை கையில குடுத்தா இப்படித்தான்" என்றார் ஊ தெய்ன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "முதலாளி, நானும் தமெய்ன்தான் கட்டியிருக்கேன். கொஞ்சம் தள்ளுங்க."

தமெய்ன் என்றால் பெண்கள் கட்டும் லுங்கி. அதிலும் காலை அகட்ட முடியாதுதான். சைக்கிள் கேரியரில் உட்காருகிற மாதிரி, மூக்கின் ஓரத்தில் ஒருக்களித்து உட்கார்ந்தேன். இரண்டு காலையும் சேர்த்து ஸ்டியரிங் பக்கம் உள்ளே சுழற்றினேன். அவ்வளவுதான். இத்தனை நாளும் அப்படித்தான் ஏறினேன். அதனால்தான் ஏறுவது ஒரு பிரச்சினை என்றே எனக்குத் தோன்றவில்லை.

"கோ ஆங், ஒக்காந்து காலச் சுத்துங்க. வெக்கப்பட ஒண்ணுமில்ல."

அவர் ஊ தெய்னைப் பார்த்தார். காரைப் பார்த்தார். லுங்கியை இறுக்கி முடிந்துகொண்டு வந்து உட்கார்ந்தார்... சுழன்றார்... இடது சீட்டில் இறங்கிவிட்டார்!

தாகேதா பாலம் தாண்டி லத்தா வரைக்கும் நான்தான் ஓட்டினேன். நம்ம ஊரில் வண்டி போவதும் வலது பக்கம், ஸ்டியரிங்கும் வலது பக்கம். முந்த வேண்டுமானால் இடது சீட்டில் இருக்கிறவர்தான் எதிரே பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் காரில் இருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் பஸ்ஸின் சக்கரம்தான். கோ ஆங் கழுத்தை நீட்டிக்கொண்டு, "வருது... வருது... இப்ப போ, போ!" என்று வழியெல்லாம் கத்தினார். லத்தாவில் இறங்கும்போது அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது, முகமெல்லாம் சிரிப்பு. வண்டியை எடுத்துக்கொண்டார். பென்சில் என் கையிலேயே இருந்தது.

இப்போது ரோட்டில் எங்கே பார்த்தாலும் சைனா எலெக்ட்ரிக் கார். கதவுக் கைப்பிடிகூட உள்ளே ஒளிந்துகொள்கிறது. நல்ல கார்கள்தான், குறை சொல்லவில்லை. என் ஆப்புக் கார் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. பட்டறை இருந்த இடத்தில் குடோன். தாஸ் அண்ணனும் இல்லை. அவன் அடித்த அந்த மூக்கு மடிப்பு மட்டும் அடிக்கடி கண்ணுக்குள் வரும்... அழவில்லை, சும்மா சொல்கிறேன்.

ஆனால் கமென்ட் போட்ட தம்பி, உங்களுக்கு ஒன்று. நீங்கள் பார்த்த கார் கண்காட்சி மேடையில் சுற்றியிருக்கும், பெரிய மனிதர்கள் கைதட்டியிருப்பார்கள். இருக்கட்டும். என்னுடையது பட்டி பூசிய தகரம். தாகேதா பாலத்தில், பஸ்ஸுக்குப் பக்கத்தில், ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

ஓட்டினது நான். தமெய்ன் கட்டிக்கொண்டு.