பந்தக்காலில் விட்ட தளிர்

என் கல்யாணத்துக்கு நட்ட பந்தக்கால் மூன்றாம் வாரம் தளிர்த்தது. கல்யாண முருங்கைக் கொப்பு அது. நன்றாகத் தளிர்த்தால் வந்த மருமகள் ராசிக்காரி என்பது எங்கள் தேயிலைத் தோட்டத்து நம்பிக்கை. தளிர்த்ததென்னவோ உண்மை; ஆனால் இலை விரியவில்லை. காம்பெல்லாம் வீங்கிச் சுருண்டு, முண்டும் முடிச்சுமாக நின்றது. ரிவர்ஸ்டன் மலைச்சரிவில் எங்கள் லயத்து வரிசைவீட்டு வாசலைக் கடந்தவர்கள் எல்லாரும் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள். "இவ கால் வச்ச நேரம் அப்படி" என்றார் மாமியார், என் காதுபடவே. ஐந்தாம் மாதம் வயிற்றுப் பிள்ளையும் கலைந்துபோனது. அதற்குமேல் அவருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

அந்தக் கொப்பை வெட்டிவந்து நட்டவர் என் மாமனார். தேயிலைக்கு நிழல்மரமாக நிற்பதும் கல்யாண முருங்கைதான்; அதைக் கவ்வாத்து வெட்டும் ஆட்களுக்கு அவர் கங்காணி. அதிர்ந்து பேசாத மனுஷன். மாமியார் என்னை ஏசும்போதெல்லாம் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். பாவம், பெண்டாட்டிக்குப் பயந்தவர் என்று நான் அவருக்காக இரக்கப்பட்டேனே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அடுத்த வருஷம் நான் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த மலையில் அவருடைய ஆட்களும் வேலை செய்தார்கள். நிழல்மரத்தில் அதே மாதிரி வீங்கிய முடிச்சு ஒன்றை அவர் கத்திமுனையால் பிளந்து அவர்களுக்குக் காட்டினார். உள்ளே அறை அறையாகச் சின்னஞ்சிறு வெள்ளைப் புழுக்கள். "குளவிச் சாதிப் பூச்சி இது. கொசுவ விடச் சின்னது. தளிர்ல முட்டை வைக்கும், அதான் வீங்குது. ஓட்டை விழுந்திருந்தா பறந்துருச்சுன்னு அர்த்தம். அதுக்கு முந்தியே வெட்டி எரிச்சிருங்க. இந்த மரத்துல நடுறதுக்குக் கொப்பு எடுக்காதீங்க. ரெண்டு வருஷமா இதப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

நிமிர்ந்தவர் என்னைப் பார்த்தார். முடிச்சைக் கீழே போட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார்.

வீட்டில் வாயைத் திறப்பார் என்று நாள்கணக்காகக் காத்திருந்தேன். "பூச்சி விழுந்த கொப்ப நான்தான் பாக்காம வெட்டிட்டேன்" என்று சொல்ல அவருக்கு எவ்வளவு நேரமாகும்? சொல்லவில்லை. பொறுக்கமாட்டாமல் நானே சொன்னபோது, "மாமனார் மேலயே பழி போடுறியாடி?" என்று மாமியார் சீறினார். மாமனார் அப்போதும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு எனக்குப் பிள்ளை தங்கவே இல்லை. மாமியார் கண்ணை மூடும்வரை நான் ராசியில்லாதவள்தான்.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த கடைசிக் கொழுந்தனுக்கு இப்போதுதான் கல்யாணம் நடந்தது. அதற்கு முந்தின கிழமை மாமனார் என்னைக் கூப்பிட்டு, "நல்ல கொப்பாப் பாத்து எடும்மா. முடிச்சு இருந்தா வேணாம். வர்ற புள்ள மேல பழி வந்துரும்" என்றார்.

"என் மேல வந்தப்ப எங்க போனீங்க மாமா?"

வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே இருந்தார்.

நானே மரம் மரமாகப் போய், ஒவ்வொரு தளிராகத் தடவிப் பார்த்துக் கொப்பெடுத்து வந்தேன். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தாள்? மூன்றாம் வாரம் பந்தக்கால் பச்சைப்பசேலென்று இலை விரித்து நிற்கிறது. புது மருமகள் ராசிக்காரி என்று லயமே பேசுகிறது. வாசலில் உட்கார்ந்து மாமனாரும் சிரித்தபடி தலையாட்டுகிறார்.